அத்தை சொன்னதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதே

தண்டையார்பேட்டை

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் ரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். 18 என்று கூடுதலாகவும், தைராய்டு சுரப்பான டி4 குறைவாகவும் வந்திருப்பதைக் கேட்ட ராயபுரத்து அத்தை, "வெறும் தைராய்டுதானே, அந்த மனநல மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்" என்றார். தைராய்டு என்றால் நாலு பேரிடம் சொல்லலாம், மனச்சோர்வு என்றால் வாய் திறக்கக் கூடாது என்பதே நம் தெருவின் வழக்கம். அதை நம்பி நீயும் நிறுத்திவிடுவாயோ என்றுதான் எழுதுகிறேன்.

மூளைக்கும் தைராய்டு சுரப்பு வேண்டியிருப்பதால், அது குறையும்போது உடல் அசதியோடும் மலச்சிக்கலோடும் மறதியும், எதிலும் நாட்டமின்மையும், காரணம் தெரியாத அழுகையும் சேர்ந்தே வரலாம். 1949ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், இந்தக் குறைவால் மனம் பிறழ்ந்த 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பலர் தேறினார்கள். பாட்டிக்கும் எனக்கும் இருப்பது உனக்கும் வந்ததில் வியப்பில்லை, இது குடும்பத்தில் தொடரக்கூடியதுதான்.

ஆனால் மனச்சோர்வு எல்லாமே தைராய்டால் வருவதில்லை; ஒருவருக்கே இரண்டும் தனித்தனியாகவும் இருக்கலாம். உனக்கு எது எவ்வளவு என்பது, சுரப்பு சீரான பிறகு மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். அதுவரை மனநல மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதே. திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரக்கூடும். உயிர் வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால், நள்ளிரவானாலும் என்னைக் கூப்பிடு. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416லும் எந்நேரமும் பேசலாம்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடி. (உனக்கு இதுதான் கடினம் என்று தெரியும்.) இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அளவு சரியா என்று 6 முதல் 8 வாரங்களில் மறுபடி பரிசோதிப்பார்கள். மனம் தெளிய அதைவிடக் கூடுதல் நாளாகலாம். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் என்னும் வைட்டமின் அந்தப் பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். முடிவு வந்ததும் இரண்டு மருத்துவர்களிடமும் காட்டிவிட்டு எனக்கும் அனுப்பு. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா