திராட்சைச் சக்கையில் இரண்டாம் பால்

முருகேசா,

எட்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதலை. தங்கச்சி கல்யாணத்துக்கும் வரலை. திட்டுறதை நேர்ல வந்து வாங்கிக்கிறேன். இப்போ எழுதுறது நேத்து மத்தியானம் குடிச்ச ஒரு கிளாஸுக்காக.

தெற்கு பிரான்சுல, பெசியே ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துல அறுவடை முடிஞ்சது. ரோஸேங்கிற இளஞ்சிவப்பு ஒயினுக்குப் பிழிஞ்ச பிறகு தோலும் விதையுமா சக்கை குவியும். வழக்கமா சாராய ஆலை லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும். இந்த வருஷம் தோட்டக்காரப் பெரியவர் ஒரு தொட்டிச் சக்கையை நிறுத்திக்கிட்டு, "தண்ணி விடு"ன்னார். தேங்காய்ப்பூவுல உங்க அம்மா இரண்டாம் பால் எடுப்பாங்களே, அதே கதைதான். நொதிக்கிறதுக்கு முன்னாடியே பிழிஞ்ச சக்கைங்கிறதால அதுல இனிப்பு இன்னும் ஒட்டியிருக்கும். அன்னிக்கே தண்ணி விடணும். ராத்திரி சும்மா கிடந்தா காடியாப் போயிடும். மேல மிதந்து வர்ற தோலைக் காலையும் சாயங்காலமும் கட்டையால அமுக்கினேன். நாலாம் நாள் வடிச்சு, நொதிப்பு அடங்குறதுக்குள்ள பாட்டில்ல ஊத்தி, சோடா பாட்டிலுக்குப் போடுற தகர மூடியை அடிச்சோம். மிச்ச நொதிப்பு உள்ளேயே நடந்து காத்து சேர்ந்துக்கும்.

பேரு பிக்கெத். மாதுளை கழுவின தண்ணி நிறம். நாக்குல சுருக்குனு குத்தும், பின்னால நெல்லிக்காய்த் துவர்ப்பு. சாராயம் 4, 5 சதவீதம் இருந்தா அதிகம். ஒயின்ல 12, 13 இருக்குமே, அதை வெயில்ல குடிச்சா ஆள் சாஞ்சிடுவான். இதைக் குடிச்சிட்டு திரும்பவும் வேலைக்கு இறங்கலாம்.

அதுக்காகவே செஞ்சதுதான்டா இது. ரோம்ல இதுக்கு லோரான்னு பேரு. அறுவடை முடிஞ்சதும் அடிமைகளுக்கு மூணு மாசம் லோரா கொடுன்னு, கேட்டோங்கிற அந்தக் கால ரோமானியர் எழுதி வச்சிருக்கார். இங்கேயும் ஒரு காலத்துல நல்ல ஒயின் வண்டியேறிப் போகும், பறிச்ச கூலியாளுக்குப் பிக்கெத். பெரியவர் சொல்லச் சொல்ல எனக்குக் கம்பம்தான் ஞாபகம் வந்தது. பந்தலுக்கடியில நாளெல்லாம் அண்ணாந்து பன்னீர் திராட்சை பறிப்பாங்க நம்ம அப்பாங்க. வீட்டுக்கு வந்தது உதிரிப் பழம். கிளாஸைக் கொஞ்ச நேரம் கீழே வச்சிட்டேன்.

இப்போ நியூயார்க் பக்கம் ஹட்சன் பள்ளத்தாக்குல இதைத் திரும்ப ஆரம்பிச்சு, அமெரிக்காவுல கடைகள்ல விக்கிறாங்க. இங்கே விக்க முடியாது. ஐரோப்பியச் சட்டப்படி தோட்டக்காரர் வீட்டுல குடிச்சுக்கலாம், இல்லைன்னா காய்ச்சி வடிக்கணும். தண்ணி கலந்த போலி ஒயின்னால வயிறு காஞ்சவங்க இந்த ஊர்க்காரங்க. அதை எதிர்த்து 1907-ல இதே பெசியே தெருவுல லட்சம் பேருக்கு மேல இறங்கினாங்க. அதனால பெரியவருக்கு விக்கிற எண்ணமே இல்லை. எனக்கும் இல்லை. ஆனா அடுத்த அறுவடைக்குப் பறிக்க வர்றவங்களோட உக்காந்து குடிக்க ஒரு தொட்டி போடணும்னு கேட்டிருக்கேன். அந்த மேஜையில நல்ல ஒயினும் இருக்கணும்னும் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார்.

உங்க அப்பாவுக்குக் கழுத்து வலி இப்போ எப்படி இருக்கு? அதை முதல்ல எழுது.

செல்வம்