கரைக்கே வந்து எங்களைப் பார்த்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், செவிலியர் சகோதரிகளுக்கும், மருத்துவ முகாமுக்காக ஓடியாடி உழைத்த இளைஞர்களுக்கும் வணக்கம்.

கடல் தொழில் செய்யும் எங்கள் குடும்பங்கள் எல்லாவற்றின் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறோம்.

படகுகள் கரை திரும்பும் நேரம் பார்த்து முகாமை வைத்தீர்களே, முதல் நன்றி அதற்குத்தான். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வருகிறவர் பகலில் மருத்துவமனை வரிசையில் நிற்பது நடக்கிற காரியமா? உறக்கம்தான் வரும். அப்படியே பல நோய்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போயிருக்கின்றன.

உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே என்ன வேலை என்று கேட்டீர்கள். வலை இழுப்பவரா, எஞ்சின் பக்கத்தில் நிற்பவரா, முக்குளிப்பவரா, குந்தியிருந்து மீன் பிரிப்பவரா என்று தனித்தனியாக விசாரித்தீர்கள். இடுப்பு வலியும் கண் உறுத்தலும் காது மந்தமும் தொழிலோடு வருபவை, சகித்துக்கொள்ள வேண்டியவை என்றே எங்கள் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். எஞ்சின் இரைச்சல் 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் காதில் விழுந்தால் செவித்திறன் மெல்லக் குறையும், போனது திரும்பாது என்று நீங்கள் சொன்னதும், காதடைப்பானை வாங்கி மாட்ட இளையவர்கள் முன்வந்துவிட்டார்கள்.

கண் மருத்துவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் படரும் சதையைப் பலர் கண்புரை என்றே நினைத்திருந்தார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நேராகவும் நீரில் பட்டுத் திரும்பியும் தாக்குவதால் வருவது அது என்றும், கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் உதவும் என்றும் விளக்கினார். அறுவை செய்தாலும் மறுபடி வளரக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

எங்கள் கைகளைப் பார்க்க நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம்தான் எங்களை நெகிழ வைத்தது. முள் குத்தாத நாள் எங்களுக்கு இல்லை. திருக்கை முள் குத்தினால் காயத்தைக் கீறவோ கட்டவோ கூடாது, தோல் வேகாத அளவுக்கு, 45 டிகிரியைத் தாண்டாத சுடுநீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும், அந்தச் சூடு வலியைத் தணிக்கும் என்று செய்து காட்டினீர்கள். அதோடு நிற்காமல், உள்ளே முள் துண்டு இருக்கிறதா என்று பார்க்கவும் டெட்டனஸ் ஊசி போடவும் மருத்துவமனைக்குப் போகச் சொன்னீர்கள். கடல்நீர் பட்ட காயத்தில் சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே உயிருக்கு உலை வைக்கும். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். காயம் வேகமாகச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். வாரக்கணக்கில் ஆறாத கைக்கட்டியோடு வந்த ஒருவருக்கு, மீன் கையாள்பவர்களுக்கு வரும் ஒருவகைக் கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று சோதனைக்கு அனுப்பினீர்கள். அதற்கு மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும் என்றும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

முக்குளிப்பவர்களிடம் நீங்கள் பேசியதும் அவசியமான பேச்சு. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி மூட்டு வலியில் தொடங்கிக் கை கால் செயலிழப்பது வரை போகும். வலி போக மறுபடி மூழ்குவதை விட்டுவிட்டு, உடனே ஆக்சிஜன் கொடுத்து காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை ஒவ்வொரு படகுக்காரரும் கேட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

பெண்களுக்குத் தனி மறைவிடமும் பெண் மருத்துவரும் ஏற்பாடு செய்தீர்கள். இறால், நண்டு பதப்படுத்தும் இடத்தில் எழும் ஆவியாலும் மூச்சிரைப்பு வரலாம் என்று தெரிந்தபோது, வெகுநாளாக இருமிக்கொண்டிருந்த அக்காமார் பலர் வாய் திறந்தார்கள். ரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்குக் கடலில் தங்கும் நாட்களையும் கணக்கிட்டு மாத்திரை கொடுத்த செவிலியர் சகோதரிகளை எங்கள் வீடுகள் மறக்காது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மீன்பிடிப்பில் வேலை செய்பவர்களுக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2007-இல் ஏற்றுக்கொண்ட 188-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. அந்தப் பரிசோதனை எங்கள் எல்லோருக்கும் முறையாகக் கிடைக்கும்வரை, இதேபோல் எங்கள் நேரத்துக்கு வாருங்கள். இடமும் ஆளும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
கடல் தொழில் செய்யும் குடும்பங்கள்