எடை மிஷினைப் பயிற்சியாளர் கையிலிருந்து வாங்குங்கள்

பன்னாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் தலைவர் திரு. மொரினாரி வாட்டனாபே அவர்களுக்கும், பந்து, ரிப்பன் போன்ற கருவிகளோடு ஆடும் ரிதமிக் பிரிவின் தொழில்நுட்பக் குழுவினருக்கும் வணக்கம்.

எமானுவேலா மக்கரானி யார் என்று லோசான் தலைமையகத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இத்தாலிக்காக ஆடியவர், 1996 முதல் 2025 வரை அதே இத்தாலியின் குழு அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ஒலிம்பிக்கில் அவர் அணிக்கு ஏதென்ஸில் வெள்ளி, லண்டனிலும் டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம், 2009 தொடங்கி வரிசையாக மூன்று உலகப் பட்டங்கள். அந்தப் பெண்களை அவர்கள் ஊரில் வண்ணத்துப்பூச்சிகள் என்கிறார்கள். சொல்லும்படியாகத்தான் ஆடினார்கள்.

2022 அக்டோபர் கடைசியில் அந்த அணியின் முன்னாள் ஆட்டக்காரி நீனா கொர்ராதினி வாய் திறந்தார். அடுத்து ஆன்னா பாஸ்தா. மிலானுக்குப் பக்கத்தில் தேசியோ பயிற்சி மையத்தில் நடந்ததாக அவர்கள் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். காலையில் உள்ளாடையோடு, மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, எடை மிஷினில் ஏற வேண்டும். எடை கூடியிருந்தால் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும். அதற்குப் பயந்து பட்டினி, பேதி மருந்து. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் குதித்து வளையும் உடம்பு அது. பாஸ்தா உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததாகவே சொன்னார்.

மக்கரானி இதை மறுத்தார். சரி, அது அவர் உரிமை. 2023 செப்டம்பரில் இத்தாலியக் கூட்டமைப்பின் தீர்ப்பாயம் ஓர் எச்சரிக்கையோடு விட்டது. அணியோடு அவர் பாரிஸ் போனார், பதக்கமும் வந்தது. 2025 மார்ச்சில்தான் கூட்டமைப்பு அவரை விலக்கியது. அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் எழுதவில்லை. ஒருவரை அனுப்பிவிட்டால் மிஷின் தானாகப் போய்விடுமா என்பதுதான் என் கேள்வி.

போகாது. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் என்றாலே நேற்றைய ஆட்டக்காரிதான். ஆறேழு வயதில் அரங்குக்குள் வந்து, இருபத்திரண்டில் ஓய்வு பெற்று, மறுநாள் விசிலோடு அதே தரைவிரிப்புக்குத் திரும்புகிறார். தனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தைத் தவிர வேறு விதம் அவருக்கு யார் காட்டினார்கள்? உங்களுக்குத் தெரியாததா? வாட்டனாபே அவர்களே, நீங்கள் பல்கேரியாவின் சோஃபியாவில் விளையாட்டு அகாடமியில் படித்தவர். தானே ஆடி, பிறகு கால் நூற்றாண்டு பல்கேரிய அணியைக் கட்டி ஆண்ட நெஷ்கா ரோபேவாவின் காலத்தை அருகிலிருந்து பார்த்தவர். மாணவி, சாம்பியன், பயிற்சியாளர் என்று அறிவு கைமாறும்போது பழக்கமும் சேர்ந்தே கைமாறுகிறது.

ஆகவே கேட்கிறேன்: எடை பார்க்கும் வேலையைப் பயிற்சியாளரிடமிருந்து எடுத்துவிடுங்கள். எல்லா நாடுகளுக்கும் சேர்த்து, விதியாகவே.

முடியாத காரியம் இல்லை. 2022 ஜூனில், பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த கொடுமைகள் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட்டின் விசாரணை அறிக்கை வந்தபோது பிரிட்டன் தலைகுனிந்தது. சிறுமிகளின் பைகளில் தின்பண்டம் இருக்கிறதா என்று பயிற்சியாளர்கள் துழாவிய கதையெல்லாம் அதில் இருந்தது. மறு ஆண்டே அங்கே விதி மாறியது. பத்து வயது வரை யாருக்கும் எடை பார்க்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் சம்மதத்தோடு, தகுதி பெற்ற மருத்துவ அல்லது விளையாட்டு அறிவியல் ஆள் மட்டும். உலகம் முழுவதும் ஏன் இதைச் செய்யக் கூடாது?

உங்கள் விதிகளில் எடைக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. பந்து 400 கிராமுக்குக் குறையக் கூடாது. வளையம் 300. கையில் சுழற்றும் கட்டையான கிளப் ஒவ்வொன்றும் 150. ஆறு மீட்டர் ரிப்பன்கூட 35 கிராமாவது இருக்க வேண்டும். கருவி இளைத்துவிடக் கூடாது என்று இவ்வளவு கவலை. அதைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பெண் இளைக்க இளைக்கக் கைத்தட்டல்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2020இல் சுவிட்சர்லாந்தின் மாக்லிங்கன் பயிற்சி மையத்தில் பட்ட கொடுமைகளைப் பற்றிப் பெண்கள் பேசினார்கள், அது உங்கள் தலைமையகம் இருக்கும் நாடு. அதே ஆண்டு பிரிட்டன், பிறகு இத்தாலி. ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி, வருத்தம், விசாரணை. நெறிமுறைக்கென்று 2019இல் தனி அறக்கட்டளையே தொடங்கிவிட்டீர்கள், நல்லதுதான். ஆனால் அது புகார் வந்த பிறகுதானே அசையும்? அணியில் இடம் போய்விடும் என்று பயந்து கிடக்கிற பதினாறு வயதுப் பெண் யார் மேல் புகார் எழுதுவாள்? எழுதத் துணிகிறபோது அவள் ஓய்வு பெற்றிருப்பாள். ஐந்து கண்டங்களில் ஐந்து நகரங்களில் ஒரே நேரத்தில் ஒலிம்பிக் நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் நீங்கள். அதோடு பார்த்தால் ஒரு மிஷினை அறை மாற்றி வைப்பது பெரிய வேலையா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் பார்த்துச் சொக்கிப்போகிற ரசிகைதான் நான், உங்களுக்கு ஆணையிட எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பயிற்சியாளர் எடை பார்க்கக் கூடாது, மீறினால் அந்த நாட்டு அணிக்குப் போட்டியில் இடமில்லை. முடியாது என்றால், எதனால் முடியாது என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகை