அம்மாவுக்கு, துவக்கைப் பற்றி

நாம்சோஸ், நோர்வே
செப்டம்பர் 7

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

அக்காவின் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே வாசித்தேன். குஞ்சியம்மாவின் மகன் என் படத்தைக் காட்டி "அண்ணர் துவக்கோடு நிற்கிறார்" என்று சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன். அக்கா, இதை அம்மாவுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, எங்கள் வீட்டில் துவக்கு என்றால் என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். 2009க்குப் பிறகு தீபாவளி வெடிக்கும் கதவைச் சாத்துகிறவர் நீங்கள். என்னிடம் இருப்பது வேட்டைக்கான ரைபிள். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளித்தான் அடுத்த ரவையை, அதாவது தோட்டாவை, ஏற்ற வேண்டும். இங்கே முதலில் 30 மணி நேர வகுப்புக்குப் போய், சோதனையில் சித்தியடைய வேண்டும். பிறகு பொலிஸ் அனுமதி. வீட்டில் இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், திறப்பு என்னிடம் மட்டுமே. பெரிய விலங்கை வேட்டையாடப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் சுட்டுக்காட்டவும் வேண்டும்: 100 மீட்டர் தூரத்தில் 5 வெடியும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அந்தச் சோதனைக்கு முன் குறைந்தது 30 பயிற்சி வெடிகள். இந்த ஆண்டுக்கான சோதனையில் சித்தியடைந்துவிட்டேன்.

காசு எங்கிருந்து வந்தது என்று அத்தான் கேட்டிருந்தார். கடன் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் இப்போது மேலதிக நேர வேலை தருவதில்லை, அதனால் மாலையில் எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. காரை விற்றதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வேலை இடம் நடக்கிற தூரம்தான், நடப்பது உடம்புக்கும் நல்லது.

ரைபிள் பின்லாந்தில் செய்தது, டிக்கா என்று பெயர். அதற்குரிய ரவையை 6.5×55 என்பார்கள். நோர்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்த காலத்தில் இரு நாடுகளும் சேர்ந்து தெரிவுசெய்தது அது. நோர்வே இராணுவம் 1894இல் ஏற்றுக்கொண்ட ரவையை இன்றைக்கும் இங்கே கிழவர்களும் பொடியன்களும் காட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சுடும்போது தோளில் அடி குறைவு. அடிக்குப் பயந்தவனுக்குக் குறி நிற்காது என்று பக்கத்து வீட்டுக் கிழவர்தான் இதை எடுக்கச் சொன்னார்.

அவரைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், காட்டில் மரம் தறித்து ஓய்வுபெற்றவர், போன மாரியில் என் வாசலில் பனி வழித்துவிட்டு நன்றி சொல்லுமுன் திரும்பிப் போனவர். ஆடி மாதமும் கம்பளிச் சட்டைதான். பேச்சு மிகக் குறைவு. அவருடைய நிலவறையில் ஒரு மேசை, ஒரு கைப்பிடி அச்சு, ஒரு தராசு, கோப்பித் தகரங்கள் நிறைய வெற்றுக் கோதுகள், அதாவது சுட்டபின் மிஞ்சும் ரவையின் உறைகள். அங்கேதான் தன் ரவைகளைத் தானே செய்கிறார். வெடிமருந்தை நிறுக்கும்போது யாரும் பேசக் கூடாது, வானொலியையும் நிறுத்திவிடுவார். இளவயதிலிருந்து சுட்ட வெடிகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்: திகதி, குளிர், காற்று, எந்தச் சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகும் குண்டு), எங்கே பட்டது.

பெட்டியில் ஒரே எண் அச்சிட்டிருந்தால் எல்லா ரவையும் ஒன்றுதான் என்று அத்தானும் நினைப்பார். அப்படி இல்லை. வெடிக்கும் கணத்தில் குழல் வீணைத் தந்தியாக அதிர்கிறது. சன்னம் வாயைத் தாண்டும்போது அந்த அதிர்வு எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே அது போகும் திசை. சன்னத்தின் எடை, நீளம், மருந்தின் வேகம், எதை மாற்றினாலும் படும் இடம் மாறும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைபிள்கள்கூட வேறு வேறு ரவையை விரும்பும். எது பொருந்தும் என்பதைக் கடதாசியில் சுட்டுத்தான் அறிய முடியும், வேறு குறுக்கு வழி கிடையாது. மலிவான ஒரு வகை என் குழலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. பிறகு லாப்புவா நிறுவனத்தின் 10 கிராம் சன்னத்தைப் போட்டேன், மூன்று வெடியும் 4 சென்டிமீட்டருக்குள் விழுந்தன. அன்றைக்குக் கிழவர் கடதாசியைக் கையில் வாங்கி, விரலால் அளந்து, தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

எடை சட்டத்திலும் இருக்கிறது. எல்க் என்ற பெரிய மானைச் சுட 9 கிராமுக்குக் குறைந்த சன்னம் கூடாது. 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும், 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும். சன்னம் உடலுக்குள் விரிகிற வகையாகவும் இருக்க வேண்டும். விரியாமல் துளைத்துப் போகிற மலிவுச் சன்னத்தைப் பயிற்சிக்கு மட்டும் பாவிக்கலாம். அது பட்ட விலங்கு காயத்தோடு நெடுந்தூரம் ஓடிவிடும்.

நல்ல ரவை விலை கூட என்பதால் கிழவரிடம் நானே நிரப்பப் பழகுகிறேன். சுட்ட கோதை எறியாமல் கழுவி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரை அடியில் பதித்து, மருந்து நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை இறுக்குவது. அம்மா பயப்படாதீர்கள். மருந்து செய்கிற நிறுவனமே எந்தச் சன்னத்துக்கு எவ்வளவு என்று அட்டவணை வெளியிடுகிறது. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இம்மி இம்மியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுட்டு, கோதின் அடியைப் பார்க்க வேண்டும். பிரைமர் தட்டையாகியிருந்தாலோ ரைபிளின் கைப்பிடி இறுகித் திறந்தாலோ அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள், அங்கேயே நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல்தான் இருக்கலாம். இதில் மட்டும் கிழவர் கண்டிப்பானவர். இரண்டாவது போத்தலை நான் கையில் எடுத்ததும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் பார்த்த குறி மாரியில் அப்படியே நிற்காது, குளிரில் மருந்து மெதுவாக எரிவதால் சன்னத்தின் வேகம் குறையும். அதனால் கிழவர் ரைபிளை விறாந்தையில் வைத்துக் குளிரவிட்டுத்தான் சுடச் சொல்கிறார். காட்டில் கிடைப்பது ஒரு வெடி, அது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் வெடி. ஐந்தாவது வெடி எவ்வளவு அழகாக விழுந்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தனை கவனம் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். நெடுங்கேணிக் காட்டில் அப்பு சுட்ட மரை நினைவிருக்கிறதா, அம்மா? இடியன் துவக்கில் மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை இடித்து, சன்னம் போட்டுச் சுட்டது. காலில் பட்டு ஓடிவிட்டது. அப்பு இருட்டும் வரை இரத்தத் தடம் பார்த்து நடந்தார், மறுநாளும் போனார், கிடைக்கவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "வாயில்லாச் சீவன் எங்கேயோ கிடந்து துடிக்கிறது" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இங்கே காயப்பட்ட எல்க்கைத் தேடப் பழக்கிய நாய் ஒன்று தேவைப்பட்டால் கிடைக்க ஏற்பாடு இல்லாமல் எல்க் வேட்டைக்குப் போகவே சட்டம் விடாது. அந்த நாய்க்கு வேலை வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் கடதாசியில் இவ்வளவு துளை போடுகிறேன்.

வேட்டை 25ஆம் திகதி தொடங்குகிறது. போன ஆண்டு துவக்கு இல்லாமல் கிழவரின் குழுவோடு விலங்கு கலைக்கப் போனேன், அதற்கே ஒரு பங்கு இறைச்சி தந்தார்கள். அக்கா அனுப்பிய தூளில் கறி வைத்து அவரையும் கூப்பிட்டேன். வியர்த்து ஒழுகியும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். மிச்சத்தில் கொஞ்சம் உப்பும் மஞ்சளும் பூசி, அடுப்புக்கு மேலே கம்பியில் வற்றல் போட்டேன். வீடு முழுக்க அந்த மணம் எழுந்தபோது நான் நோர்வேயில் இல்லை. அப்புவின் குடிசை, மழைக்காலம், நீங்கள் வற்றலை இடித்துச் சம்பல் செய்கிறீர்கள், அக்கா எனக்குத் தெரியாமல் பெரிய துண்டை எடுக்கிறா. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஊரில் என்னை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை, அம்மா. ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், இங்கே இல்லை. தைப்பொங்கலுக்குப் பால் பொங்கியதும் தொலைபேசியை எடுத்து, அங்கே என்ன நேரம் என்று பார்த்துவிட்டு, திரும்பவும் வைத்தேன். இதை வாசித்து அழாதீர்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இனி வீட்டு விஷயம். தெற்கு எல்லையில் அரை ஏக்கரைச் சித்தப்பா விற்கக் கேட்பதாக அக்கா எழுதியிருந்தீர்கள். அது ஐயாவின் பெயரில் உள்ள காணி. சித்தப்பாவோடு முறியவும் வேண்டாம், இப்போதைக்கு ஒன்றிலும் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். அத்தானை நொத்தாரிசிடம் அனுப்பிக் காணி உறுதியின் பிரதி ஒன்றை எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிணற்று மோட்டரைத் திருத்தினால் போதுமா, புதிது வாங்க வேண்டுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள். திருத்த முடியுமென்றால் இந்தப் போகத்துக்குத் திருத்தவே பாருங்கள். மருமகளின் ரியூசன் காசை நிறுத்த வேண்டாம், அவள் உயர்தரத்தில் கணிதம்தான் படிக்க வேண்டும். இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தி வரும், வங்கியில் நாள் எடுக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. மாமியின் கண் சத்திரசிகிச்சைக்கு அவர்கள் திகதி கொடுத்துவிட்டார்களா? அதற்கு நான் தருவதாகச் சொன்னதைத் தருவேன் என்று மாமியிடம் சொல்லுங்கள்.

அம்மா, இரவில் கதவைச் சாத்திவிட்டுப் பயமில்லாமல் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்

பி.கு.: அக்கா, தூள் முடியப்போகிறது. அனுப்பினால் உறைப்புக் கொஞ்சம் குறைத்து இடியுங்கள், கிழவரும் சாப்பிட வேண்டும். பொதிக்குள் உறுதிப் பிரதியையும் வைத்துவிடுங்கள், தபால் செலவு ஒன்றாகப் போகும்.