பத்து வருஷம் உட்காரப்போகும் இருக்கை

பள்ளத்தூர்

அன்புள்ள மகள் ஆத்தாவுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருக்க வைரவரை வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு கார் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு எட்டரை லட்சத்தில் முடிகிறது, இன்னொன்று பதினொன்றைத் தொடுகிறது என்று போனில் சொன்னாய். முதல் கார் கணக்குக்குச் சரி, இரண்டாவது மனசுக்குச் சரி, நான் எதைக் கேட்பது என்றாய். கணக்கு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று நீ பிரித்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மனசுக்குப் பிடித்திருப்பதும் கணக்கில் எழுத வேண்டிய வரவுதான். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போனில் அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வங்கியில் இருந்த காலத்தில் கார் லோன் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “மாசம் எவ்வளவு கட்டணும்?” அந்தக் கேள்வியோடு நீ ஷோரூமுக்குள் போகாதே. எட்டு லட்சம் கடனை 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருஷத்தில் கட்டினால் மாதம் 16,600 ரூபாய் வரும். ஏழு வருஷமாக நீட்டினால் 12,900க்குள் அடங்கும். மாதம் 3,700 மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் மொத்த வட்டி முன்னதில் 1.96 லட்சம், பின்னதில் 2.81 லட்சம். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஏழு வருஷக் கடனில் நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் நாலு லட்சத்துக்கு மேல் அசல் நிற்கும். அதே நாலு வருஷத்தில் வண்டியின் மதிப்பு வேகமாக இறங்கியிருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் அட்டவணைப்படி மூன்று வருஷம் முடிந்த வண்டிக்கு 40 சதவீதம் கழிவு, நாலு முடிந்தால் 50 சதவீதம். மாற்றலோ, குழந்தைகளோ, வேறு செலவோ வந்து வண்டியை விற்க நினைக்கிறபோது கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். ஐந்து வருஷத் தவணையில் உன்னால் மூச்சு முட்டாமல் கட்ட முடிகிற கார் எதுவோ, அதுதான் உன் எல்லை. அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் அப்புறம் விலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம், நான் சொல்வதைக் கேள்.

உன் இரண்டு காருக்கும் நடுவே இரண்டரை லட்சம் வித்தியாசம். அதையும் கடனாகவே வாங்குவதாக வைத்தால், ஐந்து வருஷ வட்டியோடு மூன்று லட்சத்துப் பதினோராயிரம் ஆகிறது. பத்து வருஷம் ஓட்டினால் ஒரு நாளைக்கு எண்பத்தைந்து ரூபாய். சென்னையில் பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வருகிற நெரிசலில் தினமும் அந்த எண்பத்தைந்து ரூபாய்க்கு உனக்கு என்ன கிடைக்கிறது? இதுதான் நீ கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் ஜாக்கிரதை. இதே வகுத்தல் கணக்கைச் சேல்ஸ்மேனும் போட்டுக் காட்டுவார். நாளைக்கு இவ்வளவுதானே என்று எதையும் நியாயப்படுத்திவிடலாம். இந்தக் கணக்கு இரண்டு நிபந்தனையில் மட்டும் உண்மை. வண்டியைப் பத்து வருஷம் நிஜமாகவே வைத்திருக்க வேண்டும். கூடக் கொடுத்த பணத்துக்கு வந்த பொருள் பத்தாவது வருஷத்திலும் தினமும் உனக்குப் பயன்பட வேண்டும். நாலாவது வருஷம் புது மாடல் பார்த்து மாற்றுகிறவர்களுக்கு இந்த வகுத்தல் செல்லாது.

நம் வீட்டையே எடுத்துக்கொள். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், மேலே வெளிநாட்டிலிருந்து வந்த விளக்கு, பெல்ஜியம் கண்ணாடி. ரங்கூனில் சம்பாதித்துக் கொண்டுவந்து கொட்டிய பணம். வளவில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் அதோடு பார்த்தால் ஒன்றும் பெரிய விலையில்லை. உள்ளூர் மணலும் சிமெண்டும் சாயமும், கண்ணாடித் தகட்டின்மேல் கையால் ஊற்றிச் செய்வது. ஆனால் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு ஞாபகம் இருப்பது அந்தத் தரைதானே? வெயில் காலத்தில் அதில்தான் படுத்துக் கிடந்தீர்கள், நடக்க நடக்க அது பளபளப்பு ஏறிக்கொண்டே வந்தது. சரவிளக்கைச் சுத்தம் செய்வதற்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. காரிலும் சரவிளக்கு உண்டு, தரை உண்டு. நீ கூடுதல் பணத்தைத் தரைக்குக் கொடு.

எது தரை? முதலில் இருக்கை. தொடைக்குக் கீழே தாங்குகிறதா, இடுப்புக்கு இடம் கொடுக்கிறதா என்று பார். இருக்கையின் உயரத்தை ஏற்றி இறக்க முடியுமா என்பதையும் கேள். உன் உயரத்துக்கு அது இல்லாவிட்டால் ரோடே தெரியாது. அடுத்தது கியர். ஓஎம்ஆரில் கிளட்சை மிதித்து மிதித்து உன் இடது கால் என்ன பாடுபடுகிறது என்று அம்மாவிடம் நீ சொன்னது எனக்குத் தெரியும். விலை குறைந்த ஆட்டோமேடிக் பெரும்பாலும் ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண கியர்பெட்டிதான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உனக்குப் பதில் மோட்டார் செய்கிறது. அதனால் கியர் மாறும்போது ஒரு சின்ன இழுபறி இருக்கும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்குத் தலையை ஆட்டி ஆட்டி எரிச்சலாகிவிடும். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் வகைகள் வழுக்கிக்கொண்டு போகும், விலையும் அதற்கேற்ப ஏறும். உன் இரண்டாவது கார் எந்த வகை என்று கேட்டுச் சொல். உன் வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்காகத்தான் என்றால் எனக்கு முழுச் சம்மதம்.

மூன்றாவதாகச் சொன்னாலும் முதலாவதாக வைக்க வேண்டியது பாதுகாப்பு. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்று காரை மோதவைத்துச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அதில் பெரியவர்களுக்கு எத்தனை, குழந்தைகளுக்கு எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். குழந்தைகளுக்கான நட்சத்திரத்தைத் தவறாமல் பார். ஆறு ஏர்பேக்கும், ஈரத்தில் வண்டி திரும்பும்போது வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்சியும் நீ வாங்கும் அதே வேரியன்ட்டில் இருக்கிறதா என்று எழுத்தில் கேள். விளம்பரத்தில் இருப்பது டாப் மாடலுக்கு மட்டும் என்று சில இடத்தில் முடியும். எட்டரை லட்சத்துக் கார் இதில் பின்தங்கினால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடு. பேரன் பின்சீட்டில் வரப்போகிறான்.

சன்ரூஃப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் அதைத் திறக்கிற நாள் எத்தனை என்று நீயே நினைத்துப் பார். பெரிய டச் ஸ்கிரீன் இரண்டு வருஷத்தில் பழசாகத் தெரியும், உன் கையில் இருக்கிற போன் அதைவிட நன்றாக வழி சொல்லும்.

இன்னொரு இடத்தில் கவனம். இரண்டாவது காரில் அடுத்த வேரியன்ட் ஐம்பதாயிரம்தான் கூட என்று மாப்பிள்ளை சொன்னாராமே. தமிழ்நாட்டில் சாலை வரி, ஆன்-ரோடு விலைக்கு இல்லை, ஷோரூம் விலைக்கு, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிக்கு வரி 1,28,700. அதுவே 10 லட்சத்து 40 ஆயிரமானால் 1,87,200. ஐம்பதாயிரம் கூடக் கொடுத்த இடத்தில் வரியே இன்னொரு ஐம்பத்தெட்டாயிரம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஐம்பத்தெட்டாயிரத்தில் நீ உட்காரவும் முடியாது, சாயவும் முடியாது. அந்தக் கோட்டைத் தாண்டாதே.

மாப்பிள்ளை மின்சாரக் கார் பற்றியும் யோசிக்கிறார் போல. நம் காரைக்குடி சிக்ரியில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊர்க்காரனாக எனக்கும் அதில் ஆசைதான். ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். உங்கள் அடுக்ககத்தில் உங்கள் பார்க்கிங்கிலேயே சார்ஜ் போடச் சங்கம் அனுமதி எழுதிக் கொடுத்தால் மேலே பேசலாம். இல்லாவிட்டால் இப்போது வேண்டாம்.

புதுசு வாங்கினால்தான் ஆச்சா என்றும் ஒரு தடவை யோசி. மேலே சொன்ன கழிவுக் கணக்கு விற்கிறவருக்கு நஷ்டம், வாங்குகிறவருக்கு லாபம். ஒருவரே ஓட்டிய மூன்று வருஷத்து நல்ல கார், உன் எட்டரை லட்சத்துக்குள் வந்துவிடும். சர்வீஸ் புத்தகமும் இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் பார்க்க வேண்டும். அந்த வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதே.

ஷோரூமில் கொடுக்கிற டெஸ்ட் டிரைவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நல்ல ரோட்டில் பத்து நிமிஷம் எந்தக் காரும் சுகமாகத்தான் போகும். நாமே ஓட்டிப்போகும் வாடகை வண்டி இருக்கிறதே, கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து போட்டது, அதில் நீ பார்த்த மாடலையே வார இறுதிக்கு எடு. பையை வழக்கம்போல் நிறைய அடுக்கு. வரிக்காக இந்தச் சின்னக் கார்களையெல்லாம் நாலு மீட்டருக்குள் அடக்கிச் செய்கிறார்கள், அதனால் டிக்கியில் இடம் குறுகியிருக்கும். போகும்போது அம்மா கொடுக்கும் அரிசியும் மாவும் வடகமும் ஏறுமா என்று தெரிய வேண்டும். விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் வழியாக நானூறு கிலோமீட்டர் ஓட்டி வா. திருச்சி தாண்டியபின் முதுகு என்ன சொல்கிறது? திருமயம் கோட்டைக்கு வெளியே வெயிலில் நிறுத்தி எடுத்தால் பின்சீட்டுக்குக் குளிர் வர எவ்வளவு நேரம் ஆகிறது? இருட்டிய பிறகு வந்தால் முகப்பு விளக்கு போதுமா? இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்.

இங்கே வந்ததும் அப்பத்தாவைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பார்ப்போம். ஐயாவுடைய அம்பாசடரில் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து பிள்ளையார்பட்டிக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்கும் போனதை அப்பத்தா இன்னும் சொல்வார்கள். அகலமான இருக்கை, உயரமான கதவு. இப்போதைய கார்களில் சில தரையோடு தரையாக இருக்கின்றன, சிலவற்றில் கால் தூக்கி ஏற வேண்டியிருக்கிறது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் கூடுகிற நாளில் அப்பத்தாவைக் கூட்டிப்போவது இனி உன் கார்தான், எனக்கு இரவில் ஓட்டக் கண் சரிப்படவில்லை.

என் முடிவைக் கேட்டால், பாதுகாப்பும் கியரும் இருக்கையும் நான் சொன்னபடி இருந்தால் பதினொரு லட்சத்துக் காரையே வாங்கு. அந்த வித்தியாசத்தில் ஒரு லட்சம் நான் தருகிறேன். மறுக்காதே, பேரன் பெயரில் வைத்திருந்த டெபாசிட் அடுத்த மாதம் முதிர்கிறது. அவன் உட்கார்ந்து வரப்போகிற வண்டிதானே.

இரண்டு ஷோரூம் கொட்டேஷனையும் போட்டோ எடுத்து அனுப்பு. அதில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஏதாவது இருந்தால் எதற்கு என்று கேள். ஆக்சசரி பேக்கேஜ் கட்டாயம் என்றால் மறுத்துவிடு. இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, வெளியில் இரண்டு கம்பெனியில் விலை கேட்டுவிட்டுப் பேசு. வாடகை வண்டியில் எந்தச் சனிக்கிழமை வருகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடு. அம்மா சீப்புச் சீடைக்கு மாவு இடிக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பச்சி