பிழைக்கத் தெரியாதவர்

அல்காசர் தெ சான் ஹுவான்,
ஸ்பெயின்.
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்த வாரமே வந்துவிட்டது. பதில் போட இத்தனை நாளா என்று திட்டுவாய். திட்டு. வேலை அதிகம், வேறொன்றுமில்லை.

குளிர்தான் படுத்துகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பழைய ரொட்டியை உதிர்த்துப் பூண்டு போட்டு எண்ணெயில் வதக்கி ‘மிகாஸ்’ என்று தருகிறார்கள். பார்க்கப் புட்டு மாதிரியே இருந்தது. நம்பி வாயில் போட்டேன், புட்டில்லை. ஒரு கடையில் மரச்சீனிகூட இருக்கிறது, தோலில் மெழுகு பூசி. விலையைக் கேட்டுவிட்டு வந்தேன். கூட இருந்த இரண்டு பேரும் பார்சலோனாவுக்குப் போய்விட்டதால் அறை இப்போது நல்ல விசாலம்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா, ரயில்வேயில் இருந்தவர். வாசலில் பட்டுப்போன பாதாம் மரத்துக்குத் தினமும் சாயங்காலம் இரண்டு பெயின்ட் வாளியில் தண்ணீர் சுமக்கிறார். விடிந்தால் அது ஐஸாய்க் கிடக்கும். நான் ஒருநாள் வழுக்கியே விழுந்தேன். பாட்டி மாடியில் நின்று “கிஹோத்தே!” என்று கத்துவார். கெட்ட வார்த்தை என்றே நினைத்திருந்தேன்.

அது செர்வாந்தெஸ் எழுதி 1605-இலும் 1615-இலும் இரண்டு பாகமாக வந்த கதையில் வரும் ஆளாம். வீரக்கதைகளைப் படித்துப் படித்து, எலும்பும் தோலுமான குதிரையில் ஏறி, ஊர் அநியாயத்தையெல்லாம் தட்டிக்கேட்கக் கிளம்பியவர். காற்றாலைகளை ராட்சதர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்தார். அந்த மாதிரிக் காற்றாலைகள் பக்கத்து ஊர் மேட்டில் இன்றும் நிற்கின்றன. முப்பந்தல் காத்தாடிக்கு மூன்று இறக்கை, இதற்கு நாலு. அங்கே போய் நின்றேன் அக்கா. காற்று காதில் அடித்ததும் ஆடி மாசத்து ஆரல்வாய்மொழிதான். அப்பா ஓட்டின்மேல் கல் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. சரி, அதை விடு.

நடக்காத காரியத்துக்கு நியாயம் என்று இறங்குகிறவனுக்கு அந்தப் பெயர். நம்ம ஊரில் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்போமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நம்ம சொல்லில் இரக்கம்தான் உண்டு. பாட்டியோ, தாத்தா உள்ளே போனதும் அதே சொல்லை என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார், பேரன் பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல. கதை முடிவில் கிஹோத்தேக்குப் புத்தி தெளிந்து, தெளிந்த கையோடு இறந்துபோவாராம். அப்பாவும் குளத்துக்கு மனு எழுதுவதை நிறுத்திய வருசம்தானே படுத்தார்?

சின்னவன் வேலையை விட்டுவிட்டு அதே குளத்தில் இறங்கியிருக்கிறான், திட்டி எழுது என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அப்பாவின் மனு நகல்கள் தகரப்பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கும். எடுத்து அவனிடம் கொடு. அத்தான் சத்தம் போட்டால் நான் சொன்னதாகச் சொல்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் தாமதமாகும், பேங்கில் ஏதோ சிக்கல். தோப்புப் பாட்டப் பணத்தில் பாப்பாவின் ஃபீஸைக் கட்டிவிடு. தேங்காய்க்காரர் போன தடவை நூறு காய் குறைத்துக் காட்டினார், இந்த முறை நீயே நின்று எண்ணு.

உன் தம்பி