சந்தைக்குப் பிள்ளைகள் கையில் காசோடு போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பக்கத்தில் ஒருவர், இங்கே பர்மாவில், யாங்கோனில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப்போகும் யோசனையே வேண்டாம், சேறும் ஙாப்பி என்கிற மீன் விழுதின் நாற்றமுமாகக் கிடக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று எழுதியிருந்தார். சேறு உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் போனால் செருப்பைக் கையில்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்காக ஒரு வகுப்பில் செய்ததுபோல, பிள்ளைகளை வேனில் ஏற்றி ஏ.சி. போட்ட மாலுக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் காய்களின் பெயரைப் பார்த்து எழுத வைத்துத் திருப்பிக் கூட்டிவந்தால் போதுமா? இந்தத் தக்காளி எங்கேயிருந்து வருகிறது என்று என் மகள் அங்கே கேட்டிருக்கிறாள். "மாடியில் ஸ்டோர் ரூம் இருக்கிறது, அங்கேயிருந்து" என்றானாம் அடுக்கிக்கொண்டிருந்த பையன். அவன்மேல் தப்பில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதையே சந்தையில் தக்காளி விற்கிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்லே ஏரியில் தண்ணீர்மேல் மிதக்கிற பாத்தியில் விளைந்தது, முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஷான் மலைப்பக்கத்திலிருந்து வருகிறது, ரம்புட்டானும் டுரியானும் வேண்டுமென்றால் மழை தொடங்கும் சமயத்தில் வா, மோல்மேன் பக்கத்திலிருந்து வந்து இறங்கும் என்று வெற்றிலையை மென்றுகொண்டே பூகோளப் பாடம் நடத்திவிடுவார்.

நான் சொல்வது சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருவதை அல்ல. பிள்ளை கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து, வீட்டுக்கு வேண்டிய நாலு சாமானை அவனையே பேரம் பேசி வாங்கச் சொல்லவேண்டும், பெரியவர்கள் நாலடி தள்ளி நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

அளவு விஷயமே பெரிய படிப்பு. பள்ளியில் கிலோவும் கிராமும் படித்துவிட்டு வருகிற பிள்ளை இங்கே வந்தால் எல்லாம் வீசையும் டிக்கலும்தான். 100 டிக்கல் ஒரு வீசை, வீசை என்பது ஏறக்குறைய 1.63 கிலோ. அப்படியானால் 25 டிக்கல் பூண்டு எத்தனை கிராம்? என் மகன் விரல்விட்டு எண்ணி, வானத்தைப் பார்த்து, நானூறு சொச்சம் என்று சொல்வதற்குள் பூண்டுக்காரம்மா கட்டியே கொடுத்துவிட்டார். அவருடைய தராசில் ஒரு தட்டில் பூண்டு, இன்னொரு தட்டில் சின்ன எடைக்கல்லுக்குப் பதிலாகத் தீர்ந்துபோன டார்ச் பேட்டரி. பையன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது சரியான எடைதானா என்று நேராகவே கேட்டும்விட்டான். அவர் கோபப்படவில்லை, பக்கத்துக் கடைக்காரரின் கல்லை வாங்கி எதிர்த்தட்டில் வைத்துக் காட்டினார். அரிசிக்கடைக்குப் போனால் அளவு பால்டின்னுக்கு மாறிவிடும். 8 டின் ஒரு ப்யீ, 16 ப்யீ ஒரு கூடை. ஒரு கூடைக்கு எத்தனை டின் என்று வகுப்பில் கரும்பலகையில் கேட்டால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், அரிசிக்காரர் முன்னால் 128 என்று போட்டிபோட்டுக் கத்துகிறார்கள்.

முடிந்தவரை காலையிலேயே போங்கள். போணி ஆகிற நேரத்தில் இருந்தால்தான் ஒன்றைப் பார்க்கலாம்: முதல் வாடிக்கையாளர் கொடுத்த நோட்டை வாங்கி, விற்கிறவர் தன் முன்னால் இருக்கும் கீரைக்கட்டு, சுரைக்காய், மிளகாய்க் குவியல் எல்லாவற்றையும் அந்த நோட்டாலேயே தட்டித் தட்டி எடுப்பார். பர்மியர்கள் செய்வது இது, நம்மவர் போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரிதான். அந்த நேரத்தில் பேரமும் சுலபமாகப் படியும். ஆனால் கீரை விற்கிற கிழவியிடம் பத்து நிமிடம் மல்லுக்கட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிப்போகிறேன், அவர் தாமாகவே ஒரு பிடி கொசுறு போடுவார்.

இன்னொன்று, உளுந்து. தமிழ்நாட்டில் தோசைக்கு அரைக்கிற உளுந்தில் நம் நாட்டு உளுந்தும் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். 2021இல் இந்தியா பர்மாவோடு செய்த உடன்பாட்டில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்து ஆண்டுக்கு வாங்குவதாக இருந்தது. மழைக்கால நெல்லை அறுத்த வயலில், மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி விதைக்கிற பயிர் அது. பருப்புக்கடைச் சாக்கில் கையை விட்டு அள்ளிக் காட்டி இதைச் சொன்னால் பதியும். அப்புறம் அதே வாயால், நாம் தினமும் வாங்குகிற மொஹிங்காவில், அந்த மீன் குழம்பு நூடுல்ஸில், மிதப்பது வாழைத்தண்டு என்றும் சொல்லிவிடலாம், வீட்டில் பொரியல் செய்தால் தொடமாட்டேன் என்கிற பிள்ளைகள்தானே.

மொத்த வியாபாரச் சந்தை பார்க்கவேண்டும் என்றால் யாங்கோனைச் சுற்றி ஓடும் ரயில் பாதையில் டான்யிங்கோன் சந்தை இருக்கிறது. கீரைக்கட்டுகளும் மூட்டைகளும் ரயிலில் ஏறுகிற கூத்தை ஒருமுறையாவது பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே நாற்பது பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிப்போவது மடத்தனம். தலையில் சுமையோடு ஓடி வருகிறவருக்கு நின்று வழிவிட நேரமிருக்காது, அவர் பிழைப்பைக் கெடுக்க நமக்கு உரிமையும் இல்லை. நாலைந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதுவும் பர்மிய மொழி நன்றாகப் பேசுகிறவர். சின்னவர்களை அக்கம்பக்கத்துத் தெருச்சந்தைக்கே கூட்டிப்போனால் போதும், புளிச்சக்கீரையும் வல்லாரையும் அங்கேயே கிடைக்கும். படம் எடுப்பதாக இருந்தால் முதலில் கேட்கவேண்டும், பிறகு ஏதாவது வாங்கவும் வேண்டும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. சிறுவர் பக்கத்தில் எந்த மாதம் எந்தக் காய், எந்தப் பழம், எந்த ஊரிலிருந்து வரும் என்று மாதம் ஒருமுறை கால் பக்கமாவது போடுங்கள், கூடவே வீசைக் கணக்கு ஒன்றிரண்டு. போன வாரம் எழுதிய ஐயாவும் விருப்பப்பட்டால் எங்களோடு வரலாம், ரப்பர் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தாம்வே, யாங்கோன்